ஐந்து இருக்கை

மின்கட்டண உறையின் பின்பக்கம் போதும்,
ஒரு ஞாயிறு அதில் அடங்கிவிடும்
என்றுதான் உட்கார்ந்தேன்.

தக்கமக்கா என்று எழுதினேன்.
வண்டி நிற்கும் இடத்திலிருந்தே தெரியும்,
பள்ளத்தின் அக்கரையில் ஏழெட்டு வெள்ளைக் கோடு.
ஜிஸ்லேனின் முழங்காலுக்குத் தோது.
ஆனால் பத்து மணிக்கு முகில் வந்து
கதவைச் சாத்திவிடும்.
பிந்திப் போனவர்களுக்குச் சத்தம் மட்டும்.

யோவானுக்கு இரும்புக்குழிதான் வேண்டுமாம்.
பதினேழு வயது. போனில் படம் வைத்திருக்கிறான்.
அது ஹெலிகாப்டர்காரன் பார்த்தது,
உனக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரச் சேறு,
முடிவில் ஒரு மரமேடை, அதிலும் பனி மூட்டம் என்றேன்.
"சேறுதான் வேணும்" என்றான்.
அடித்த வரியை மறுபடி எழுதினேன்,
அடித்தது தெரியும்படி.

ரெமோனுக்கு அருவி ஒரு சாக்கு.
விறகு, மூன்று கல், கோழிக்கறி,
காலை நனைக்க ஓடும் தண்ணீர்,
இவை இருந்தால் குழாயடியும் அவருக்கு லாஞ்ஜ்வேன்தான்.
அங்கே சனிக்கிழமை இரவே வந்து
மரத்துக்கு மரம் கயிறு கட்டி இடம் பிடிக்கிறார்கள்.
நான் சனி இரவு ஆஸ்பத்திரியில்
சலவை எந்திரத்தோடு இருப்பேன்.
லாஞ்ஜ்வேனுக்கு ஒரு கோடு.

பக்கத்து வீட்டு மதாம் ஹோவாரோ
எங்கே போனாலும் சரி என்கிறாள்.
எங்கே போனாலும் சரி என்பவர்களை வைத்துத்தான்
திட்டம் போடுவது கடினம்.
அருவிச் சாரலில் நின்றால்
தலைச்சாயம் கரையுமா என்று மட்டும் கேட்டாள்.

மழை பெய்தால் மலைப்பாதையில் கல் விழும்,
சங்கிலி போட்டு மூடிவிடுவார்கள்.
பெய்யாவிட்டால் அருவி
உதறிப் பிழிந்த துணிபோல் தொங்கும்.
ஆகவே வெள்ளிக்கிழமை பெய்து
சனிக்கிழமை மதியம் நின்றுவிடும்படி
உறையின் ஓரத்தில் வானத்துக்கும்
ஒரு நேரம் குறித்தேன்.

முடிவாக: தக்கமக்கா.
ஐந்தரைக்குப் புறப்பாடு.
திரும்பும் வழியில் செங்கொய்யா பறிக்கலாம்,
யோவானுக்குச் சேறு அங்கே கிடைக்கும்.

இனி இருக்கை.
ரெமோன் ஓட்டுவார்.
முன்னால் ஜிஸ்லேன், காலை நீட்டிக்கொண்டு.
பின்னால் யோவான், மதாம் ஹோவாரோ,
நடுவே கறிச்சட்டி, பட்டி மாட்டி.
சரியாக ஐந்து.
பேனாவை மூடினேன்.

மூடிய பிறகுதான்,
சோற்றுக்கு அரிசி அளக்கும்போது,
ஆறாவது கைப்பிடியில் கை நின்றது.

சிரித்தேன். கொஞ்ச நேரம்தான்.
சட்டியை விட்டுவிட்டு ரொட்டி எடுத்துப் போகலாம் என்றால்
ரெமோன் முகம் ஒரு வாரம் தாங்காது.
எழுதினேன்: சட்டி என் மடியில்.
மூடியைத் துணியால் கட்டவும்.
வளைவுகளில் மெதுவாக.

எல்லோரும் தூங்கிய பின்
தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது.
வெள்ளி இரவு, நான் குறித்த நேரத்துக்கு
நாற்பது நிமிடம் பிந்தி.

எனக்கும் ஒரு அருவி உண்டு.
சலாசி போகும் பேருந்தில்,
இரவு வேலை முடிந்து, தூக்கத்தில் இறங்குமிடம் தவறி
மலைவரை போய்விட்ட அன்று பார்த்தது.
பெருமழைக்கு மறுநாள் மட்டும்
பாறையில் பிறந்து, வெயிலேற இல்லாமல் போகும்.
பெயர்ப்பலகை இல்லை, நிறுத்துமிடம் இல்லை,
கறி வைக்க இடமில்லை.
ஓட்டுநர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த மழை ஞாயிறு இரவும் வருமானால்...

உறையில் இடமில்லை.
தபால்தலைக்குக் கீழே, பொடி எழுத்தில்:
திங்கள். ஆறு பத்து பேருந்து.
ஒரு ஆள்.